உடன் ஓடியவர்கள்

1933ஆம் ஆண்டு. உலகப் பொருளாதார மந்தம் தென்னாப்பிரிக்காவையும் நெருக்கிக்கொண்டிருந்த காலம். கேப் டவுனில் இருந்த பில் மாஸ்டர்ட்டன்-ஸ்மித் என்னும் இளைஞர், நாட்டின் மறுகோடியில் நேட்டால் மாகாணத்தில் நடக்கவிருந்த ஓர் ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பினார். ரயில் கட்டணத்துக்குப் பணமில்லை, சைக்கிள் இருந்தது. அதில் ஏறிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கிப் புறப்பட்டார். 1,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அத்தனையையும் மிதித்துக் கடந்து ஊர் வந்து சேர்ந்த பிறகு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பந்தயத்தையும் ஓடினார். பத்தாவதாக வந்தார்.

அவர் அந்தப் பந்தயத்துக்குப் புதியவர் அல்லர். 1930இல் மிகச் சிறிய இடைவெளியில் முதலிடத்தை இழந்தவர். அடுத்த ஆண்டே, 19 வயதில், வென்றவர். அதற்கு முன்னரும் பின்னரும் அவ்வளவு இளம் வயதில் அதை வென்றவர் எவருமில்லை. ஜூலு மொழியில் முயலைக் குறிக்கும் ‘உனோக்வாஜா’ என்ற சொல் அவருக்குப் பட்டப்பெயராக அமைந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல், வட ஆப்பிரிக்காவின் டொப்ருக் போர்முனையில் மாஸ்டர்ட்டன்-ஸ்மித் கொல்லப்பட்டார். அவர் ஓடிய பந்தயம் 1941 முதல் 1945 வரை போரின் காரணமாக நடைபெறவே இல்லை. ஆகவே அவர் இறந்த ஆண்டில் அவருக்காக ஓட எவருக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று.

வாய்ப்பு 2011இல் வந்தது. அவரைப் பார்த்திராத, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்த சிலர் கேப் டவுனிலிருந்து சைக்கிளில் கிளம்பினார்கள். பத்து நாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடைந்து, பதினோராம் நாள் அதே பந்தயத்தை ஓடுவது அவர்கள் திட்டம். ‘உனோக்வாஜா சவால்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு வேறு குழுக்கள் அதே வழியில் சென்றன. இறந்துபோன ஓர் ஓட்டக்காரருக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களில் இவ்வளவு பொருத்தமான இன்னொன்றை நான் அறியேன்.

ஏன் பொருத்தமானது என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் இத்தகைய நினைவோட்டங்களைக் குறித்து நம்மில் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. செத்தவனுக்கும் வியர்வைக்கும் என்ன தொடர்பு? ஒருவர் கால் நோக ஓடுவதால் இறந்தவருக்கு ஆகப்போவதென்ன? நெஞ்சில் ஒரு பெயரை அச்சடித்துக்கொண்டு ஓடுவது துக்கமா, விளம்பரமா? இவை வெறும் கிண்டலான கேள்விகள் அல்ல. இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், மாஸ்டர்ட்டன்-ஸ்மித் ஓடிய அந்தப் பந்தயத்தின் வரலாற்றையே பார்க்க வேண்டும். அந்தப் பந்தயமே ஒரு நினைவோட்டம்தான்.

*

அதன் பெயர் காம்ரேட்ஸ் மாரத்தான். நம் காதில் ‘தோழர்’ என்ற சொல் விழுந்ததும் செங்கொடி நினைவுக்கு வரும். அங்கே அச்சொல் குறிப்பது முதல் உலகப் போரில் உடன் நடந்து, உடன் விழுந்த படைவீரர்களை.

இந்தப் பந்தயத்தைத் தோற்றுவித்தவர் விக் கிளாபம். ரயில் எஞ்சின் ஓட்டுநர். எட்டாவது தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படையைத் துரத்தி ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தவர். அந்தப் போர்முனையில் துப்பாக்கிக் குண்டைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பசியும் கொன்றவர்கள் அதிகம். உயிரோடு திரும்பிய கிளாபம், இறந்த தோழர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நினைத்தார். கல்லாலான சின்னம் அல்ல. அவர்கள் பட்ட பாட்டின் ஒரு சிறு பகுதியையாவது உயிரோடிருப்பவர் தம் உடம்பால் அறிந்துகொள்ளும்படியான சின்னம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே மலையும் மேடுமாகக் கிடந்த சாலையைத் தேர்ந்தெடுத்தார்.

முன்னாள் படைவீரர் சங்கத்திடம் அனுமதி கேட்டார். இவ்வளவு தூரம் மனிதனால் ஓட முடியாது என்று 1919இலும் மறுத்தார்கள், 1920இலும் மறுத்தார்கள். கிளாபமின் வாதம் எளிமையானது: மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவனும் கடையில் நின்று சாமான் விற்றவனும் படையில் சேர்ந்து பாதி ஆப்பிரிக்காவை நடந்து கடந்திருக்கிறான், பயிற்சி பெற்ற ஓட்டக்காரனால் இந்த ஒரு சாலையைக் கடக்க முடியாதா? 1921இல் இசைந்தார்கள். செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தார்கள், அதுவும் திருப்பித் தரவேண்டிய கடனாக. அவ்வாண்டு மே 24ஆம் நாள் 34 பேர் ஓடத் தொடங்கினார்கள். 16 பேர் ஓடி முடித்தார்கள். முதலாவதாக வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

இந்த ஓட்டத்தின் அடிப்படையில் ஒரு கருத்து இருக்கிறது. மாலை வைப்பவர் அதில் தோற்பதில்லை. இரங்கற்பா பாடுபவரும் பாடி முடித்து எழுந்துவிடலாம். ஆனால் இந்த நினைவுகூர்தலில் ஒருவர் தோற்கவும் கூடும். இன்று பந்தயத்துக்கு 12 மணி நேர வரம்பு உண்டு. அந்த நேரம் நெருங்கியதும் நடுவர் ஒருவர் கையில் துப்பாக்கியோடு, வந்துகொண்டிருப்பவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். யார் எவ்வளவு அருகில் வந்திருக்கிறார் என்பதை அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனம் இளகிவிடும். 12 மணி நிறைந்ததும் வெடி. அதற்கு ஒரு வினாடி பிந்தி வந்தவருக்கும் பதக்கம் இல்லை; அவர் ஓடி முடித்ததாகக் கணக்கும் இல்லை. காலையிலிருந்து 90 கிலோமீட்டர் ஓடி வந்து, கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றுபோகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இது கொடுமை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் காய்ச்சல் கண்டு விழுந்த படைவீரனுக்கும் சலுகை கிடைக்கவில்லை. முடியாமற்போகும் சாத்தியம் இருப்பதனால்தான் முடிப்பதற்குப் பொருள் வருகிறது. செலவில்லாத நினைவு எளிதில் மறதியாகிவிடும் என்பதை, தெருமுனைச் சிலைகளைத் தினமும் கடந்து போகிற நாம் அறிவோம்.

*

இதுவரை சொன்னது பந்தயத்தின் பெருமை. இனிச் சொல்வது அதன் சிறுமை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நினைவோட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

தோழர்களுக்காக ஓடுகிறோம் என்றார்கள். யார் தோழர்? 1921இல் ஓடிய 34 பேரும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். 1975 வரை, அதாவது ஐம்பதாவது பந்தயம் வரை, பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதாருக்கும் முறையான அனுமதி கிடையாது.

கிளாபம் நடந்த கிழக்கு ஆப்பிரிக்கப் போரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ட்செட்சி ஈயின் கடியால் குதிரையும் கழுதையும் செத்து விழுந்த நிலம் அது. உணவும் வெடிமருந்தும் மனிதத் தலைகளின் மேல்தான் போயின. அந்தச் சுமையைத் தூக்கி நடந்தவர்கள் ஆப்பிரிக்கக் கறுப்பர்கள்; இலட்சக்கணக்கானோர். அவர்களில் பல பத்தாயிரம் பேர் நோயாலும் பசியாலும் இறந்தார்கள். பெரும்பாலோரின் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. 1917 பிப்ரவரி 21 அன்று ‘மெண்டி’ என்ற கப்பல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் மோதி மூழ்கியபோது, பிரான்சில் வேலை செய்ய அழைத்துச் செல்லப்பட்ட 600க்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள் மாண்டார்கள். அவர்களும் அதே போரில் அதே அரசுக்காகப் போனவர்கள்தாம்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்ட இந்தியப் படைகளில் ஒன்று, 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தப் படையும் அங்கே தோல்வியையும் சாவையும் சந்தித்தது. அதுமட்டுமல்ல, பந்தயம் நடக்கும் நேட்டாலில் 1860 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் மக்கள் டர்பனைச் சுற்றிலும் வாழ்ந்தார்கள். பந்தயத்தின் மறுமுனையான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ரயில் நிலையத்தில்தான் 1893இல் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தச் சாலையின் இரு முனையிலும் நம்மவர் இருந்தார்கள். சாலையில் ஓட மட்டும் அவர்களுக்கும் உரிமை இல்லை.

ஆனாலும் சிலர் ஓடினார்கள். 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் கணக்கில் சேராமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் இல்லை, ஆனால் உடன் ஓடியவர்களும் பார்வையாளர்களும் பணம் திரட்டி அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் அதேபோல் கணக்கில் சேராமல் ஓடினார். அவர் ஓடி முடித்த நேரம் 9 மணி 30 நிமிடம். அந்த நேரம் அதிகாரபூர்வமான எந்த முடிவுப் பட்டியலிலும் ஏறவில்லை.

ஆக, இறந்தவர்களை நினைவுகூர்வதற்காகவே தொடங்கிய ஓர் ஓட்டம், இறந்தவர்களில் பெரும் பகுதியினரின் பிள்ளைகளை ஐம்பதாண்டுக் காலம் ஓரத்தில் நிற்க வைத்திருந்தது. நினைவுகூர்தல் தன்னளவில் புனிதமானது என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். யாரை நினைப்பது என்று முடிவு செய்யும்போதே யாரை மறப்பது என்பதும் முடிவாகிவிடுகிறது.

1981இல் இது வெளிப்படையாகவே வெடித்தது. வெள்ளையர் ஆட்சி தன் குடியரசின் இருபதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. பந்தய அமைப்பாளர்கள் ஓட்டத்தை அந்த விழாவோடு இணைத்தார்கள். இறந்த தோழர்களின் பெயரால் நடக்கும் ஓட்டம் நிறவெறி அரசின் அலங்காரத் தோரணமாவதா என்று கேட்டுச் சிலர் விலகினார்கள். வேறு சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவர் புரூஸ் ஃபோர்டைஸ். பார்வையாளர்களின் கூச்சலுக்கும் வசைக்கும் இடையே ஓடி அவர்தான் அன்று முதலாவதாக வந்தார். பின்னாளில் மொத்தம் ஒன்பது முறை அவர் அந்தப் பந்தயத்தை வென்றாலும், அந்தக் கறுப்புப் பட்டைதான் கிளாபமின் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது என்பது என் கருத்து. துக்கத்தின் அடையாளமான கறுப்புப் பட்டையைத் துக்க ஓட்டம் ஒன்றில் கட்டியதற்காக ஒருவர் வசைபட நேர்ந்தது என்றால், அந்த ஓட்டம் தன் பிறப்பை எவ்வளவு மறந்திருக்க வேண்டும்!

*

மறந்தது திரும்பவும் நினைவுக்கு வந்த விதம் சுவையானது. அது கல்வெட்டாக வரவில்லை, நேரமாக வந்தது.

காம்ரேட்ஸில் பதக்கங்களுக்கு மனிதர்களின் பெயர் உண்டு. ஒன்பது மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவர்களுக்கென்று ஒரு பதக்கம் 2000ஆம் ஆண்டில் வந்தது; முதல் வெற்றியாளர் பில் ரோவனின் பெயரில். அவர் 1921இல் எடுத்துக்கொண்ட 8 மணி 59 நிமிடத்துக்குள் வந்தால்தான் அது கிடைக்கும் என்பது இதன் உட்பொருள். கடைசி ஒரு மணி நேரத்தில், அதாவது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தள்ளாடி வந்து சேர்பவர்களுக்கு விக் கிளாபமின் பெயரிலான செப்புப் பதக்கம். தோற்றுவித்தவரின் பெயரை வேகமானவர்களுக்குக் கொடுக்காமல் கடைசியில் வருபவர்களுக்குக் கொடுத்தது நல்ல முடிவு.

2019இல் மேலும் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஏழரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பெண்களுக்கு இசவெல் ரோச்-கெல்லி பதக்கம். 1980இல் அந்த எல்லையை முதன்முதலில் கடந்த பெண் அவர்; இருமுறை வென்றவர்; 1984இல் அயர்லாந்தில் சைக்கிள் விபத்தில் இறந்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் முடிப்பவர்களுக்கு ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். 1935இல் எந்தப் பட்டியலிலும் ஏறாத அந்த 9 மணி 30 நிமிடம், 84 ஆண்டுகள் கழித்து, இப்படித்தான் பட்டியலில் ஏறியது.

இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மண்டபத்துக்கோ தெருவுக்கோ ம்ட்ஷாலியின் பெயரை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அந்தப் பெயர் சுவரில் இருந்திருக்கும். இப்போது அது ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சில் இருக்கிறது. எட்டு மணி நேரம் ஓடிக் களைத்த ஒருவர், ‘ம்ட்ஷாலி கிடைக்குமா’ என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கறுப்பராக இருக்கலாம், வெள்ளையராக இருக்கலாம், டர்பன் தமிழராக இருக்கலாம். அந்தக் கணத்தில் அவர் 1935இல் தனியாக ஓடிய ஒரு மனிதரின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். இறந்தவரின் வேகமே அவருடைய நினைவுக்கல்.

பாதித் தொலைவுக்கு அருகில், டிரம்மண்ட் என்ற ஊர்ப்பக்கத்தில், சாலையோர மண்சரிவில் ஒரு குழிவு இருக்கிறது. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் பயிற்சியின்போது அமர்ந்து இளைப்பாறிய இடமென்று சொல்வார்கள். ஓடுபவர்கள் அங்கே ஒரு பூவை வைத்து, ஆர்தருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அப்படிச் செய்தால் மீதித் தூரம் நல்லபடியாகப் போகும் என்பது நம்பிக்கை. நியூட்டன் புனிதர் அல்லர். தன் பண்ணை இருந்த பகுதியைக் கறுப்பர்களுக்கு ஒதுக்க அரசு எடுத்த முடிவால் தனக்கு நட்டம் என்று வழக்காடி, இழப்பீடு கிடைக்காமல், தன் குறையை நாட்டின் காதில் போடுவதற்காகவே ஓடத் தொடங்கியவர். இன்று அவருக்குப் பூ வைப்பவர்களில் பலர் கறுப்பர்கள். இதை வரலாற்றின் அறியாமை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது ஓட்டக்காரர்களின் பெருந்தன்மையாகப் படுகிறது. அவருடைய வழக்கை அவர்கள் ஏற்கவில்லை. அந்த மேட்டில் அவருக்கு வாங்கிய மூச்சைத்தான் தங்களுடையதாக அறிகிறார்கள். உடன் ஓடியவர் என்ற உறவுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

*

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு இப்போது வரலாம். செத்தவருக்கு இதனால் என்ன பயன்?

ஒரு பயனும் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே முறை. ஆனால் இரங்கற்பாவால் மட்டும் என்ன பயன்? நம் முன்னோர் இறந்த தலைவனைப் பாடும் துறைக்குக் ‘கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள். செய்வதற்கு ஏதுமில்லாத நிலை என்பதை அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது. செய்வதற்கு ஏதுமில்லை என்று தெரிந்த பிறகும் மனிதன் ஏதோ ஒன்றைச் செய்கிறான். அந்தச் செயலின் தகுதியை விளைவை வைத்து அளக்க முடியாது.

உனோக்வாஜாவைப் பார்த்திராதவர்கள் அவரை எப்படித் தோழர் என்கிறார்கள் என்ற கேள்விக்கும் நம்மிடம் விடை உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிநாட்டிலிருந்து உறையூருக்கு நடந்து வந்து அவனுக்காகத் தானும் வடக்கிருந்த பிசிராந்தையார், அதற்கு முன் அவனை நேரில் கண்டதில்லை. காணாமலே கொண்ட நட்புக்கு நம் இலக்கியம் தரும் பெரிய சான்று அது. அந்த நட்பை அவர் மெய்ப்பித்த விதத்தைக் கவனியுங்கள். அவர் புலவர், உறையூருக்கு ஒரு பாட்டை அனுப்பியிருக்கலாம். தானே நடந்து வந்தார். நண்பன் ஏற்ற துன்பத்தைத் தன் உடம்பிலும் ஏற்றார். 1,600 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர்களின் செயல் அவ்வளவு பெரியதென்று நான் சொல்லவில்லை. அதன் இலக்கணம் இதுதான் என்கிறேன்.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டு இன்னும் வலுவானது. உண்மையில் பல நினைவோட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நிறுவனங்களின் சின்னங்கள் நிறைந்த சட்டையின் ஒரு மூலையில் இறந்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மேடையில் அவர் படத்துக்கு ஒரு மாலை. பிறகு பேசுவதெல்லாம் வந்திருக்கும் பிரமுகர்களைப் பற்றி. ஓடி முடித்தவரிடம் அந்தப் பெயருக்குரியவர் எவ்வளவு தூரம் ஓடினார், எங்கே பயிற்சி செய்தார் என்று கேட்டால் விழிப்பார். இத்தகையவற்றை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் பொய்யான கண்ணீர் உண்டு என்பதனால் கண்ணீரே பொய்யாகிவிடாது. எந்த நினைவோட்டத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, ஓடுபவர் இறந்தவரின் பாட்டில் ஏதேனும் ஒரு பகுதியைத் தன் உடம்பில் ஏற்கிறாரா? அதே வழி, அதே தொலைவு, அதே மேடு என்று ஏதேனும் ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். இரண்டாவது, இறந்தவரின் பெயரோடு அவருடைய வாழ்க்கையும் சொல்லப்படுகிறதா, குறைகளையும் சேர்த்து? மூன்றாவது, மிகக் கடினமானது: இறந்தவரின் பெயரால் யாரேனும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்களா?

மாஸ்டர்ட்டன்-ஸ்மித்தின் வழியில் சென்றவர்கள் முதல் கேள்வியில் தேறுகிறார்கள். அவர்கள் ரயிலுக்குப் பணமில்லாதவர்கள் அல்லர் என்று ஒருவர் சொல்லலாம், உண்மைதான். ஏழ்மையை விருப்பத்தால் அனுபவிக்க முடியாது. ஆனால் பத்து நாள் சைக்கிள் மிதித்த காலோடு இன்சாங்கா மேட்டில் ஏறுவது எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அறிந்தார்கள். அவர்களைத் தவிர, அந்த இளைஞரின் கால்கள் அறிந்ததை அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஒரு வாழ்க்கை வரலாற்று நூலால் இதைத் தர முடியாது. சொற்களையே பெரிதாக நம்பும் நம்மைப் போன்றவர்கள் இதைச் சற்றுப் பணிவோடு ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியில் காம்ரேட்ஸ் மாரத்தானே ஐம்பதாண்டுகள் தோற்றது. பிறகு மெல்ல மெல்லத் தேறியது. தேறியதற்குக் காரணம் அமைப்பாளர்களின் நல்லெண்ணம் மட்டுமல்ல. கணக்கில் சேராமல் ஓடியவர்களும் கறுப்புப் பட்டை கட்டியவர்களும் அந்த ஓட்டத்தை அதன் சொந்தப் பெயரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

1989ஆம் ஆண்டுப் பந்தயத்தை மட்டும் குறிப்பிட்டு முடிக்கிறேன். அவ்வாண்டு சாம் ட்ஷபலாலா முதலாவதாக வந்தார். 1921இல் தொடங்கிய பந்தயத்தை ஒரு கறுப்பர் வென்றது அதுவே முதல்முறை. அதே நாளில், நேர வரம்பு முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே இருக்கும்போது, 80 வயதான ஒரு கிழவர் கோட்டைக் கடந்தார். அவர் பெயர் வாலி ஹேவர்ட். 1930ஆம் ஆண்டில் அந்தப் பந்தயத்தை முதன்முறை ஓடி வென்றவர். அன்று மிகச் சிறிய இடைவெளியில் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த இளைஞர்தான் பில் மாஸ்டர்ட்டன்-ஸ்மித். இருவரும் அதே உலகப் போருக்குப் போனார்கள், ஒருவர் திரும்பவில்லை. திரும்பியவர் இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 1950இல் மீண்டும் வந்து வென்றார்; மேலும் மூன்று முறை வென்றார்; 97 வயது வரை வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

1989இல் அந்தக் கடைசி மேடுகளில் தள்ளாடியபோது, ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட காலடியோசை அவர் நினைவுக்கு வந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. அவர் யாருடைய பெயரையும் சட்டையில் எழுதிக்கொண்டு ஓடவில்லை. ஆனால் அந்தச் சாலை இறந்தவர்களுக்காகப் போடப்பட்ட ஓட்டத்தின் சாலை. அதில் முன்னே ஒரு கறுப்பர் வென்று நிற்க, பின்னே ஒரு கிழவர் வந்து சேர, ஒரே நாளில் பல கணக்குகள் நேராயின. தோழர்கள் என்ற சொல்லுக்கு விக் கிளாபம் எண்ணியதைவிடப் பெரிய பொருள் அன்று கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.